விசிறிக்குள் ஒரு விசும்பல்

"என் கம்ப்யூட்டரை யாரோ சித்திரவதை பண்றாங்க, மேடம்."

வந்தவர் அதைச் சொல்லிவிட்டு, மடியில் இருந்த துணிப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நரைத்த தலை. இஸ்திரி போட்ட சட்டை. ஆனால் பொத்தான்கள் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன. வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை, அல்லது சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். காவல் துறை வேலையை உதறிவிட்டு, அச்சகத்துக்கு மேலே இந்தச் சின்னத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்து பல வருடங்கள் ஆகியும், தெருவுக்கு அவர் இன்னும் இன்ஸ்பெக்டரம்மாதான். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டார். அந்தக் குறையை நிரப்பத்தான் உதவியாளன் இருந்தான். முன்பு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து அதை மூடியவன். யார் எதைப் பேசினாலும் நடுவில் ஒரு சத்தம் கொடுப்பான் என்பதால் அவனுக்குப் பல்லி என்று பெயர் வந்தது.

"சித்திரவதைன்னா எப்படி சார்? கீபோர்டைப் பிடுங்கறாங்களா?"

"பல்லி."

"நான் பேசவே இல்லை மேடம்."

வந்தவர் சிரிக்கவில்லை. அவர் ஒலிப்பதிவாளர். வானொலி விளம்பரங்கள், ஒலிப் புத்தகங்கள், பின்னணிக் குரல்கள் என்று தலை நரைக்கும்வரை பிறர் குரலைச் சுத்தம் செய்தே வாழ்ந்தவர். வீட்டு மாடியில் சொந்தமாக ஒரு ஒலிப்பதிவு அறை.

"கம்ப்யூட்டர்ல ஃபேன் கத்துது மேடம். ஙீ...ன்னு. கொசு வந்து காதுக்குள்ள குடியிருக்கிற மாதிரி. ஒண்ணு இல்ல, மூணு ஃபேன் மாத்திட்டேன். இப்போ ஓடறது நாலாவது. பாருங்க."

பையிலிருந்து மூன்று விசிறிகளை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றும் உள்ளங்கை அளவு, கறுப்பு, புத்தம் புதியவை.

"கடையில ஓட்டிப் பார்த்துதான் வாங்கறேன். அங்க சந்தைத் தெரு இரைச்சல்ல ஒரு சத்தமும் தெரியலை. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினா ஆரம்பிச்சுடும். முதல்ல மெல்லிசா. ஒருநாள் போனா நல்லாவே கத்தும். ராத்திரி படுத்தாக்கூட அந்தச் சத்தம் காதுலயே நிக்குது."

"கம்ப்யூட்டரை அணைச்சுட்டுப் படுக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

அவர் தலை குனிந்துகொண்டார்.

"அணைக்கறதில்லை மேடம். என் பொண்ணு அதுல இருக்கா."

கீழே அச்சு இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே மகள். வீட்டில் பாப்பா. நல்ல குரல் என்பதால் படிப்பு முடிந்ததும் அப்பாவோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினாள். நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வந்தாள். பக்கத்து வார்டில் குழந்தைகள் வலியில் அழுவதைப் பார்த்துவிட்டு, அவர்களுக்காகக் கதைகளைப் படித்துப் பதிவு செய்யப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். உடம்பு ஒத்துழைத்த நாளெல்லாம் மைக் முன்னால் உட்கார்ந்தாள். கதைகள் முடிந்தன. அவளும் போய்விட்டாள்.

"அதைச் சுத்தம் பண்ணி அந்தக் குழந்தைங்ககிட்ட சேர்க்கணும். அவ்வளவுதான் மேடம் என் வேலை. பாதி பண்ணிட்டேன். இந்த ஃபேன் கத்த ஆரம்பிச்சதும் வேலை அப்படியே நின்னுபோச்சு. அந்தச் சத்தத்துல நான் பதிவைத் தொட முடியாது."

"யார் மேல சந்தேகம்?"

"என் மச்சான். என் மனைவியோட தம்பி. அந்த அறையைப் பூட்டித் தொலைங்க, அக்கா காதுல அந்தக் குரல் விழுந்துட்டே இருந்தா அவ எப்படி மீளுவான்னு வர்றப்போ எல்லாம் சண்டை."

"மாட்டறது கழட்டறது எல்லாம் நீங்கதானா?"

"கண்ணு சரியாத் தெரியாது மேடம். நான் டார்ச் பிடிப்பேன். மனைவிதான் கழட்டித் துடைச்சுக் குடுப்பா."

பல்லி அதற்குள் ஒரு அடாப்டரின் ஒயரை உரித்து முதல் விசிறியை ஓட்டிக் காதோடு வைத்திருந்தான். அடுத்தது. அதற்கடுத்தது.

"மேடம், சார் கொண்டுவந்த மூணு பிணமும் எழுந்து ஓடுது. பேரிங் சுத்தம். ஒயர் எங்கயும் உரசலை. சத்தமே இல்லை."

இன்ஸ்பெக்டரம்மா பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு விசிறியின் சட்டத்தையும் பார்த்தார். மூன்றிலும் ஒரே இடத்தில், நகத்தின் அளவில், தூசி படிந்த பசைத் தடம்.

"என்ன வடிவம்னு சொல்லு பல்லி."

"சதுரம் மேடம். இல்லை... சதுரத்துக்கு மூலை இருக்கணுமே. இதுக்கு மூலையைக் காணோம்."

"அந்த மூலையைத் தேடித்தான் போகப் போறோம்."

*

ஒலிப்பதிவாளரின் வீட்டு மாடியறையில் நுழைந்ததும் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. நான்கு சுவரிலும் கறுப்பு ஸ்பாஞ்ச். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. கதவு மெத்தை போலத் தடித்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் மைக் ஸ்டாண்டை உட்கார்ந்திருப்பவரின் வாய் உயரத்துக்கு இறக்கி, மேலே ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் கத்திக்கொண்டுதான் இருந்தது. இலையை விரலிடுக்கில் வைத்து ஊதுவது போன்ற கூர்மையான, விடாத கீச்சொலி. பல்லி பல்லைக் கடித்தான்.

"சார் சொன்னதுல தப்பே இல்லை மேடம். இதைத் தினமும் கேட்டா நான் கொலையே பண்ணுவேன்."

தேநீரோடு வந்த மனைவி, யாருடைய முகத்தையும் பார்க்காமல் தம்ளர்களை வைத்தார். அந்தக் கீச்சொலிக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. இன்ஸ்பெக்டரம்மா அதைக் கவனித்தார்.

"உங்க தம்பி கடைசியா எப்போ வந்தார்?"

"அவன் வெளியூர் போய் ஒரு மாசம் ஆகுதுங்க."

ஒலிப்பதிவாளர் வாயைத் திறந்து மூடினார். போன வாரம் மாட்டிய விசிறியும் கத்தியதே!

மனைவி கீழே போனார். இன்ஸ்பெக்டரம்மா பல்லியின் காதருகே குனிந்தார்.

"கம்ப்யூட்டர் கேபினட்டைத் திற. திறக்கறப்போ விரலைக் கீறிக்கோ."

"எப்பவும் எனக்கு ஏன் மேடம் அடிபடற வேஷமாவே தர்றீங்க?"

"உனக்குத்தான் அது இயல்பா வருது."

பல்லி கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினான். அதன் விளிம்பு கத்தி போலிருந்தது. நடிக்க வேண்டிய தேவையே வரவில்லை. "அம்மா!" என்று அவன் போட்ட கூச்சல் உண்மையான கூச்சல்.

மனைவி படியேறி ஓடி வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, விரலைத் துடைத்து, டப்பாவிலிருந்து வெள்ளைக் காகிதப் பிளாஸ்டர் சுருளை எடுத்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும்போது ஊசி நழுவாமல் ஒட்டுவார்களே, அந்தப் பிளாஸ்டர். ஒரு துண்டு வெட்டினார். பிறகு, கண் அதில் இல்லாமலே, கத்திரி நான்கு மூலைகளையும் கிரிச் கிரிச்சென்று வளைத்து நறுக்கியது.

"எதுக்குக்கா மூலையை வெட்டறீங்க?" என்றான் பல்லி. இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை.

"மூலை இருந்தா போர்வையில மாட்டி உரிஞ்சு வந்துடும்ப்பா. பாப்பாவுக்குத் தோலோட..."

அங்கேயே நிறுத்தினார். கையிலிருந்த மூலையில்லாத பிளாஸ்டரைப் பார்த்தார். நிமிர்ந்தபோது இன்ஸ்பெக்டரம்மாவின் கண்கள் அவர் மேலேயே இருந்தன.

ஒலிப்பதிவாளர் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். எதையும் கவனிக்கவில்லை.

"கொஞ்சம் தண்ணி வேணும். கீழ வர்றேன்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

*

சமையலறையில் மனைவி சுவரோடு சாய்ந்து நின்றார்.

"நீங்கதானே?"

"ஆமாங்க."

மறுப்பு, கண்ணீர், சத்தியம் என்று எத்தனையோ விதமான குற்றவாளிகளைப் பார்த்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு, இவ்வளவு சீக்கிரம் வந்த பதில் புதிதாக இருந்தது.

"ஃபேன் சட்டத்துல ஒரு துண்டை ஒட்டி, நுனியைக் காத்துல விட்டீங்க. பீப்பி மாதிரி ஊதுது. அவர் கழட்டச் சொன்னா, நீங்களே உரிச்சுட்டுத் துடைச்சுக் குடுத்துடுவீங்க. எப்படின்னு புரியுது. ஏன்னுதான் புரியலை."

"நீங்க போயிடுங்கம்மா. ஃபேன் பழுதுன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. அந்தப் பிளாஸ்டரை மட்டும் எடுத்துடாதீங்க."

"எடுத்தா என்ன ஆகும்?"

"அவருக்குத் தெரிஞ்சுடும்."

"என்ன தெரிஞ்சுடும்?"

மாடியிலிருந்து பல்லியின் குரல் உற்சாகமாக இறங்கி வந்தது.

"மேடம்! ஆள் மாட்டிக்கிட்டான்! எடுத்தாச்சு!"

மனைவி மாடிப்படியை நோக்கி ஓடினார்.

*

பல்லி இடுக்கியில் அந்த வெள்ளைத் துண்டைத் தூக்கிப் பிடித்திருந்தான். கீச்சொலி நின்றிருந்தது. விசிறி மென்மையாகக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"கேஸ் முடிஞ்சுது சார். கேளுங்க, பூனை நடந்தாக்கூட இதைவிடச் சத்தம் வரும்."

ஒலிப்பதிவாளர் குனிந்தார். தலையைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"இன்னும் இருக்கே."

"எது சார்?"

"சத்தம். குறைஞ்சிருக்கு. ஆனா இருக்கு. முதல்ல மெல்லிசா ஆரம்பிக்கும்னு சொன்னேனே, அது."

பல்லி இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தான். பிறகு பென்சில் முனையால் கிராஃபிக்ஸ் கார்டின் சின்ன விசிறியைத் தடுத்து நிறுத்தினான்.

"இப்போ?"

"இருக்கு."

பவர் சப்ளையின் விசிறியை நிறுத்தினான். "இப்போ?"

"இருக்குப்பா."

பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கின் மேல் கை வைத்துப் பார்த்தான். அதிர்வே இல்லை.

"சார், இந்த அறையில இனி நிறுத்தறதுக்கு மிச்சம் என் மூச்சு ஒண்ணுதான். அதையும் வேணா..."

"பல்லி." இன்ஸ்பெக்டரம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. சந்தை இரைச்சலில் கேட்காத சத்தம். படுக்கையிலும் கூடவே வந்த சத்தம். அவருக்குப் புரிந்துவிட்டது. "சார், கம்ப்யூட்டரை ஒரு நிமிஷம் அணைக்கலாமா?"

"வேணாங்க!"

கத்தியது மனைவி.

ஒலிப்பதிவாளர் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். நெடுநாள் கூட வாழ்ந்தவர்களுக்கு அது போதும். எதுவும் கேட்காமல் கதவைச் சாத்தினார். வந்து உட்கார்ந்தார். திறந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக மூடி, அணைத்தார். விசிறி தளர்ந்து, சுற்றி, நின்றது.

ஸ்பாஞ்ச் சுவர்களுக்குள் அமைதி இறங்கியது. எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும் அமைதி.

"உனக்கு என்னப்பா கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலை சார்," என்றான் பல்லி.

"உங்களுக்கு மேடம்?"

இன்ஸ்பெக்டரம்மா இல்லையென்று தலையசைத்தார்.

மனைவியிடம் அவர் கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, வேலை செய்யும்போது இருப்பது போலவே கூர்ந்து கேட்டார். கைகளை எடுத்தார்.

"வெளிய இல்லை," என்றார். "எனக்குள்ளதான் இருக்கு."

மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"கரண்ட் போச்சே, அன்னைக்கு." மனைவி கதவோரமே நின்று பேசினார். "தெருவே இருட்டிக் கிடந்தது. நான் மெழுகுவத்தி எடுத்துட்டு வந்தேன். நீங்க இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு, இந்தக் கத்தல் தாங்கலை, முதல்ல அந்த ஃபேனை மாத்தணும்னு சொன்னீங்க. எந்த ஃபேன் ஓடுச்சுன்னு உங்களைக் கேக்க எனக்கு வாய் வரலை."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிங்க சொல்வேன்? பாப்பா போனப்புறம் உங்களுக்குன்னு மிஞ்சினது இந்த வேலைதான். காது போச்சுன்னு நான் எப்படி என் வாயால சொல்வேன்?"

இன்ஸ்பெக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "சொல்லாம மறைச்சீங்க, சரி. சும்மாவே இருந்திருக்கலாமே. எதுக்குப் பிளாஸ்டர் ஒட்டி இன்னொரு சத்தத்தை உண்டாக்கினீங்க?"

மனைவி பதிலைக் கணவனிடம் சொல்லவில்லை. துணி போர்த்திய மைக்கிடம் சொன்னார்.

"சும்மா இருந்தா பாப்பாவை அழிச்சுடுவாரு."

"என்ன சொல்றே நீ?" ஒலிப்பதிவாளர் எழுந்துவிட்டார். "அவ பதிவுல அந்த இரைச்சல் இருந்துச்சு. நான் அதை எடுத்தேன். என் பொண்ணு குரலை நான் சுத்தம் பண்ணேன்."

"அவ குரல்ல ஒரு இரைச்சலும் இல்லைங்க."

"இருந்துச்சு! நான் கேட்டேன்!"

"நீங்க கேட்டீங்க. அதுல இல்லை."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பார்த்துக்கொண்டிருந்த பல்லிக்கு, ஒரு மனிதன் நின்றபடியே கீழே விழுவது இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

மனைவிக்கு இப்போது நிறுத்த முடியவில்லை. "சத்தத்தை எடுக்கறேன் எடுக்கறேன்னு அவளைத்தான் சீவிட்டிருந்தீங்க. நீங்க ஸ்பீக்கர்ல போட்டுப் பாக்கறப்போ நான் கதவோரம் நின்னு கேட்டுட்டே இருப்பேன். முதல்ல எழுத்து போச்சு. 'சிங்கம்'னு படிச்சவ 'இங்கம்'னு படிக்கிற மாதிரி ஆச்சு. அப்புறம் மூச்சு போச்சு. நடுவுல நடுவுல சிரிப்பாளே, அது பக்கத்து வீட்டுல யாரோ சிரிக்கிற மாதிரி ஆயிடுச்சு. அப்பவும் நீங்க இன்னும் இருக்கு, இன்னும் இருக்குன்னு..."

"முதல்ல எடுத்த பதிவு இருக்குமே சார்?" பல்லி அவசரமாகக் கேட்டான். "மூலப் பதிவு? வேற எங்கயாவது?"

ஒலிப்பதிவாளர் அணைந்திருந்த திரையைத் தொட்டார்.

"அழிச்சுட்டேன்பா. ஒவ்வொரு கதையும் முடிச்சதும் பழசை அழிச்சுட்டேன். குறையோட அவளை யாரும் கேட்டுடக் கூடாதுன்னு."

பல்லி தரையைப் பார்த்துக்கொண்டான்.

"ஃபேன் கத்தினா நீங்க பதிவைத் தொட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார் மனைவி. "தம்பிகிட்ட கேட்டா, எல்லாத்தையும் ஒழிச்சுக்கட்டுன்னுதான் சொல்வான். கம்ப்யூட்டர்ல எதை எங்க எடுத்து வைக்கணும்னு எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சது கத்திரியும் பிளாஸ்டரும்தான். மிச்சக் கதையாவது அவளாவே இருக்கட்டும்னு ஒட்டினேன்."

அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்த அறையில் அழுதால் சத்தம் எங்கேயும் போகாது. சுவர்கள் அதற்காகவே கட்டப்பட்டவை. ஆனாலும் அவர் சத்தமில்லாமல்தான் அழுதார். பழகியிருந்தது.

ஒலிப்பதிவாளர் அவரிடம் போகவில்லை. போக முடியவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை கதை மிச்சம் இருக்கு?" என்று யாரையோ கேட்பது போலக் கேட்டார். பிறகு அவரே, "பாதி," என்றார். "பாதிப் பொண்ணை நான் அழிச்சுட்டேன்."

"நீங்க அழிக்கலைங்க."

"என் கையாலதான் அழிச்சேன்."

"உங்க கைக்கு என்னங்க தெரியும்? காது சொன்னதைத்தானே செஞ்சுது."

அப்போதுதான் அவர் உடைந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்து, தோள்கள் குலுங்க. மனைவி வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரம்மா கதவைக் காட்டினார். பல்லி நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தான்.

"சார், மன்னிச்சுக்கங்க. அழறதுக்கு நடுவுல கேக்கறேன். மிச்சக் கதையை இப்பவே ரெண்டு மூணு இடத்துல காப்பி எடுத்துடறேன். அதுக்கப்புறம் நான் போறேன்."

அவர் முகத்தை உயர்த்தாமலே தலையசைத்தார்.

கம்ப்யூட்டர் மீண்டும் உயிர் பெற்றது. பல்லி ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்தான். பென்டிரைவை மனைவியின் கையில் வைத்து, அவர் விரல்களை அவனே மூடினான்.

"டாக்டரைப் பாருங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "கூட வர வேணும்னா நான் வர்றேன்."

"பார்க்கறேன் மேடம். இது போகாதுன்னு நினைக்கறேன். எங்க தொழில்ல சில பேருக்கு வந்து பார்த்திருக்கேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினார். தொடாத கதைகளில் கடைசியானதைத் திறந்தார். பழக்கத்தில் ஹெட்போனை எடுத்தவர், அதைத் திரும்ப வைத்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

"சத்தம் இருக்குமேங்க," என்றார் மனைவி.

"இருக்கட்டும். அதோடயே கேக்கறேன்."

ஓர் இளம்பெண்ணின் குரல் அறையை நிறைத்தது. குடையைத் தொலைத்த கரடி ஒன்றின் கதை. மூச்சு வாங்கி வாங்கிப் படித்தாள். 'சொட்டச் சொட்ட' என்ற இடத்தில் நாக்கு தடுமாறிச் சிரித்தாள், இருமினாள், மறுபடி படித்தாள். சொல்லின் தலையில் வரும் எழுத்து ஒவ்வொன்றும் முழுசாக, ஈரமாக வந்து விழுந்தது. மனைவி அவற்றை உதட்டால் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கதை மனப்பாடம்.

கரடிக்குக் குடை கிடைத்துவிட்டது. கதை முடிந்தது. நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு குரல் மைக்கை விட்டுத் திரும்பி, களைத்துப்போய், வீட்டுக் குரலாக மாறியது.

"அப்பா, சரியா வந்துச்சா? இல்ல, இன்னொரு தடவை படிக்கட்டா?"

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அன்று அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்ததால், அவர் சொன்ன பதில் பதிவாகவில்லை. அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

ஒலிப்பதிவாளர் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார்.

"நல்லா வந்துருக்கும்மா," என்றார். "போதும். நீ போய்ப் படுத்துக்கோ."